கொம்பு பிடிக்க ஓர் ஆள்

பல்லிலும் கொம்பிலும் படம் கீறுகிற ஸ்க்ரிம்ஷாவைக் கற்றுத்தரும் புத்தகங்கள் எல்லாம் வலது கைக்காக எழுதப்பட்டவை. ஊசியை எப்படித் தீட்டுவது, கோட்டை எவ்வளவு ஆழம் கீறுவது, எந்த மையைத் தேய்ப்பது, எதைக்கொண்டு துடைப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். இடது கைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான்: கொம்பை அசையாமல் பிடித்துக்கொள்ளவும். மைசூர்பாகு செய்முறையில் 'பதம் வந்ததும் இறக்கவும்' என்று எழுதிவிட்டு நழுவுகிற கதைதான். பதம் தெரிந்தவனுக்குக் குறிப்பு எதற்கு? கொம்பை அசையாமல் பிடிக்கத் தெரிந்தவனுக்குப் புத்தகம் எதற்கு?

இந்தக் கலையைக் கேள்விப்படாதவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையிலிருந்து திமிங்கல வேட்டைக்குப் புறப்பட்ட கப்பல்கள் வீடு திரும்ப மூன்று, நான்கு வருடம்கூட ஆகும். திமிங்கலம் தினமும் வந்து நிற்குமா? வராத நாட்களில் மாலுமிகள் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் பல்லைச் சுறாத்தோலால் தேய்த்து வழவழப்பாக்கி, பாய் தைக்கிற ஊசியாலோ பேனாக்கத்தியாலோ படம் கீறி, கீறலுக்குள் விளக்குக் கரியைத் தேய்த்தார்கள். கப்பல், திமிங்கலம், கொடி, ஊரில் காத்திருக்கும் பெண். இந்தப் பெண்ணைப் பலர் மனசிலிருந்து வரையவில்லை. பத்திரிகைப் படத்தைப் பல்லின்மேல் ஒட்டி, கோடு நெடுக ஊசியால் குத்திப் பிரதி எடுத்தார்கள். அதனால் கடலோடிகளின் காதலிகளில் பலர் லேட்டஸ்ட் ஃபேஷனில் கவுன் அணிந்து, ஒரே சாயலில் இருப்பார்கள்.

நான்டுக்கெட் தீவின் 'சூசன்' கப்பலில் இருந்த ஃப்ரெடரிக் மைரிக் என்ற இளைஞர் 1828, 1829 வாக்கில் தான் கீறிய பற்களில் பெயரும் தேதியும் போட்டுவைத்தார். அவற்றின் இன்றைய ஏல விலையைக் கேட்டால் நம் பல் ஆடும். ஜனாதிபதி கென்னடிக்கு இந்தப் பற்கள் மீது பெரிய மோகம். மேஜையில் வரிசையாக வைத்திருந்தார். 1962 கிறிஸ்துமஸுக்கு மனைவி ஜாக்குலின், மில்டன் டெலானோ என்ற கலைஞரைக்கொண்டு ஜனாதிபதி முத்திரையைப் பொறிக்கவைத்து ஒரு பல்லைப் பரிசளித்தார். மறுவருடம் கென்னடி சுடப்பட்டு இறந்தபோது அந்தப் பல் அவருடனேயே சவப்பெட்டிக்குள் போனது.

நாங்கள் குடியிருப்பது நியூ பெட்ஃபோர்டுக்கு ஒரு மணி நேரத் தொலைவில். ஸ்க்ரிம்ஷாவுக்கு அதுதான் மதுரை மீனாட்சி கோயில். ஜானி கேக் ஹில் என்ற மேட்டில் இருக்கிற திமிங்கல வேட்டை அருங்காட்சியகத்தில் உலகிலேயே பெரிய சேகரிப்பு இருக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்களை நயாகராவுக்கு அழைத்துப்போக மனமும் பெட்ரோலும் இல்லாதபோது அங்கேதான் அழைத்துப்போவேன். பல பற்களின் கீழே கப்பல் பெயர், கடல் பெயர், வருடம் எல்லாம் போட்டிருக்கும். ஆடுகிற கப்பலில் அந்த மனிதன் பல்லை எப்படிப் பிடித்தான், எதில் சாய்த்தான், யாராவது ஒத்தாசை செய்தார்களா என்பது மட்டும் எங்கும் இருக்காது. பொறித்தவனுக்கே பாதி நேரம் பெயர் இல்லை. பிடித்தவனை யார் தேடப்போகிறார்கள்.

எனக்கும் கை அரித்தது. ஆனால் திமிங்கலப் பல்லுக்கு நான் எங்கே போக? 1972ல் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது, நியாயமாகவே. மிச்சமிருப்பது மாட்டுக் கொம்பு. அதுவும் கௌரவமான பரம்பரைதான்; சொல்லப்போனால் பல்லுக்கு அண்ணன். 1750களில் பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் வட அமெரிக்காவில் மோதிக்கொண்டபோது சிப்பாய்கள் துப்பாக்கி மருந்தைக் கொம்பில்தான் அடைத்துவைத்தார்கள். ஈரம் புகாது, தீப்பொறி எழாது, மெல்லிசாக இழைத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மருந்து எவ்வளவு பாக்கி என்று தெரிந்துகொள்ளலாம். அகன்ற வாய்க்கு மரத் தக்கை, நுனிக்கு ஒரு சின்ன அடைப்பான். மேலே ஹட்சன் நதி, கோட்டைகள், ராஜ முத்திரை, உடையவன் பெயர். மாசசூசெட்ஸின் ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த ஜான் புஷ் என்ற கறுப்பினப் படைவீரர் லேக் ஜார்ஜ் முகாமில் பொறித்த கொம்புகளின் எழுத்தழகை இன்றும் நிபுணர்கள் கொண்டாடுகிறார்கள். 1757ல் வில்லியம் ஹென்றி கோட்டை விழுந்தபோது அவர் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியானார், ஊர் திரும்பவில்லை. அந்த முகாமில் எதில் உட்கார்ந்து, கொம்பை எந்த முழங்காலில் அண்டக்கொடுத்து அப்படி எழுதினார் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

கொம்பு தபாலில் வந்தது. பெட்டியைப் பிரித்த மனைவி இரண்டடி பின்னால் போனாள்.

"என்னங்க இது?"

"கொம்பு."

"அது தெரியுது. எந்த மாட்டோடது?"

அமெரிக்க மாடு என்றேன். அமெரிக்காவாக இருந்தாலும் மாடு மாடுதான் என்றும், வீட்டில் பூஜை அறை இருக்கிறது என்றும், கேரேஜ் என்று ஒன்று எதற்குக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்றும் அடுத்தடுத்துச் சொன்னாள். கேரேஜுக்குப் போனது நல்லதாயிற்று. கொம்பும் நம் நகமும் முடியும் ஒரே சரக்கு. உப்புத்தாளால் வேகமாகத் தேய்த்தால் சூடேறி முடி பொசுங்குகிற நாற்றம் வரும். பூஜை அறைக்குப் பக்கத்தில் அதைச் செய்திருந்தால் நானும் கேரேஜில்தான் படுத்திருப்பேன்.

இந்தத் தொழிலின் மூலக்கோளாறு இதுதான்: பொறிப்பதற்கு முன் கொம்பைக் கண்ணாடியாக இழைக்க வேண்டும். சொரசொரப்பு இருந்தால் மை எல்லா இடத்திலும் ஒட்டி, படத்துக்குப் பதில் அழுக்குதான் தெரியும். ஆகவே முதலில் பாடுபட்டு அதை வழுக்கவைக்கிறோம். பிறகு வழுக்குகிறதே என்று பாடுபடுகிறோம். அதன் உடம்பில் சமதளம் என்று ஒரு நாணய அகலம்கூடக் கிடையாது. ஒரு பக்கம் வளைகிறது, இன்னொரு பக்கம் முறுக்கிக்கொள்கிறது, போகப்போகச் சிறுக்கிறது. மேஜையில் வைத்தால் தானாகத் திரும்பி, நாம் வரைய நினைத்த பக்கத்தைக் கீழே வைத்துக்கொள்கிறது.

பட்டறை வைஸில் மாட்டினேன். நேரான இரண்டு தாடைக்கு நடுவே சிறுத்துப்போகிற பொருளை வைத்து இறுக்கினால் அது என்ன செய்யும்? பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். தாடைக்குத் தோல் ஒட்டி இன்னும் இறுக்கலாம் என்றால் உள்ளே கூடு. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் வேலை முடிந்தது, கொம்பும் முடிந்தது. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளலாம், தும்மல் வராதவரை. நகை, துப்பாக்கி பொறிப்பவர்கள் மணல் அடைத்த தோல் பையின்மேல் வைத்து வேலை செய்வார்கள். கேரேஜில் மணல் இல்லை, சமையலறையில் அரிசி இருந்தது. பழைய தலையணை உறையில் அரிசியை அடைத்துத் தைத்தேன். என் ஆராய்ச்சியில் பாசுமதி உதவாது, நீளமாக இருப்பதால் குத்திட்டு நிற்கிறது. இட்லி அரிசிதான் உருண்டையாக ஒதுங்கி, கொம்புக்கு ஒரு குழி பண்ணி உட்காரவைக்கிறது. நல்ல பைதான். ஆனாலும் பை தாங்கும், பிடிக்காது. ஊசி தள்ளும்போது எதிர்த்து நிற்க ஒரு கை வேண்டும்.

அந்தக் கை மதுரைப் பக்கத்துப் பாலமேட்டிலிருந்து வந்தது. என் மாமனார், ஆறு மாத விசாவில், குளிர்காலம் பார்க்க. பனி விழுவதை ஒரு நாள் ரசித்தார். மறுநாள் கேரேஜுக்கு வந்து, நான் கொம்போடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் மௌனமாகப் பார்த்தார்.

"மாப்ள, கொம்பப் பிடிக்கக் கூடாது. ஃபவுலு."

ஜல்லிக்கட்டு விதிப்படி அது சரிதான். திமிலை மட்டும்தான் பிடிக்கலாம். கொம்பு, வால், கால் எதைத் தொட்டாலும் வெளியே. நான் வாங்கியதில் திமில் இல்லை என்று விளக்கினேன். "அப்ப குடுங்க இங்கிட்டு" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சொல்லக் கூடாது, உலகில் மனிதக் கையைப் போன்ற வைஸ் இல்லை. வளைவுக்கு வளைகிறது, தழும்பு போடுவதில்லை, 'கொஞ்சம் இடது பக்கம்' என்றால் திரும்புகிறது. 1841ல் நியூ பெட்ஃபோர்டில் கட்டப்பட்டு இன்றும் மிஸ்டிக் துறைமுக மியூசியத்தில் மிதக்கிற 'சார்லஸ் டபிள்யூ. மார்கன்' கப்பலைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். கப்பலின் உடல், மூன்று பாய்மரம் எல்லாம் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன. குறை ஒன்றே ஒன்று. இந்த வைஸுக்கு வாய் இருந்தது. வாய் இருந்தாலும் பரவாயில்லை. மதுரைப் பக்கத்து வாய், கையின் துணையில்லாமல் பேசாது. வாடிவாசல் திறந்து காளை எட்டிப்பார்க்கிற வரைக்கும் மாமா ஜல்லிக்கட்டுக் கதையை அடக்கமாகத்தான் சொல்வார். அது ஒரு சுற்றுச் சுற்றி ஆளைத் தூக்கும்போது கொம்பும் கூடவே தூக்கப்படும், ஊசி அதன்மேல் இருக்கும்.

கொம்பில் விழுந்த கீறலுக்கு அழிரப்பர் கிடையாது. சுற்றியுள்ள இடத்தையெல்லாம் சுரண்டி இறக்கினால்தான் போகும். அதிர்ஷ்டவசமாக நான் வரைந்தது பாய்க்கப்பல். அதில் கயிறு எவ்வளவு இருந்தாலும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு காளைகள் கயிறாயின. மூன்றாவது, வானத்துக்குக் குறுக்கே ஓடியது. கடலில் வானிலை என்று ஒரு வசதி இருக்கிறதல்லவா, மின்னலாக்கிவிட்டேன். தெளிந்த வானத்தில் தொடங்கிய கப்பல் மாமா வந்த மறுவாரம் கடும் புயலில் சிக்கியிருந்தது.

ஆனால் ஒரு முக்கியமான சங்கதியைச் சொன்னவரும் அவர்தான். பாய் காற்றில் உப்பியிருக்கிற வளைவைக் கீற நான் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு தவிப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க பெரிய தாத்தா ஓலையில சாதகம் எழுதுவாரு மாப்ள. எழுத்தாணி நின்ன எடத்துல நிக்கும். ஓலைதான் நகரும்" என்றார்.

நான் ஊசியைக் கீழே வைத்தேன். உண்மைதானே! நம் ஏட்டெழுத்தர்களின் வித்தை முழுக்க இடது கையில்தான் இருந்தது. வலது கை எழுத்தாணியோடு ஓரிடத்தில் நிற்க, இடது கை ஓலையை நகர்த்திக்கொடுக்கும். எழுத்தாணி வழுக்காமல் இருக்க இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் சின்னதாக ஒரு காடி வெட்டிவைத்துக்கொண்டவர்களும் உண்டு. எழுதி முடித்த ஓலையில் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் குழைத்துத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கும். மையாடல் என்பார்கள். மாலுமி திமிங்கலப் பல்லில் செய்த அதே காரியம், அவனுக்குப் பல நூற்றாண்டு முந்தி, ஆடாத தரையில் உட்கார்ந்து. 18ஆம் நூற்றாண்டு விசாகப்பட்டினத்திலும் தந்தத்தைக் கீறி, கறுப்பு அரக்கை நிரப்பி, கம்பெனி துரைகளுக்குப் பெட்டி செய்து விற்றிருக்கிறார்கள்.

மாமா சொன்னபடி மாற்றிக்கொண்டேன். கொம்பின் அகன்ற வாயில் மரத் தக்கையை அடித்து, அதன் நடுவே உடைந்த துடைப்பக் கழியில் ஒரு சாண் நறுக்கித் திருகாணியால் பொருத்தினேன். இப்போது கொம்புக்கு ஒரு பிடி வந்துவிட்டது. வயிறு அரிசிப் பையில் படுத்திருக்கும், கழி இடது உள்ளங்கையில். ஊசி நிற்கிறது, கொம்பு உருள்கிறது, பாய் தானாக உப்புகிறது. அதோடு வலது கைச் சுண்டுவிரலைக் கொம்பின் மேலேயே ஊன்றிக்கொள்ள வேண்டும். கொம்பு அசைந்தால் கையும் சேர்ந்து அசையும். இரண்டும் சேர்ந்து ஆடினால் கோட்டைப் பொறுத்தவரை ஆட்டமே இல்லை. மாலுமிகளின் ரகசியமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கப்பல் ஆடும்போது பல், கை, முழங்கால், மாலுமி எல்லாமே ஒன்றாக ஆடியிருக்கும். அட்லாண்டிக்கின் அலையைச் சமாளித்துவிடலாம். ஜல்லிக்கட்டு வர்ணனை அப்படி இல்லை, அதில் கொம்பு மட்டும் ஆடும்.

இந்த ஏற்பாட்டால் மாமாவுக்கு வேலை போயிற்று. துடைப்பக் கட்டை தன் இடத்தைப் பிடித்துவிட்டதை எந்த மாமனார்தான் பொறுப்பார்? இரண்டு வேளை பேசாமல் சாப்பிட்டார். சமாதானத்துக்காக, கொம்புகளில் உடையவன் பெயரும் ஊரும் வருடமும் பொறிப்பது அந்தக் கால வழக்கம் என்று ஆரம்பித்தேன்.

"பிடிச்சவன் பேரு?"

அப்படி வழக்கமில்லை என்றேன்.

"எங்க ஊர்க் கோயில்ல டியூப்லைட்டு குடுத்தவன் பேரயே லைட்டு தெரியாத அளவுக்கு எழுதியிருக்கான். இத்தன நாள் கை கடுக்கப் பிடிச்சிருக்கேன்!"

மனைவி அப்பா பக்கம் சேர்ந்துகொண்டாள். தீர்ப்பு ஆனது: உபயம் போட வேண்டும். மாமா வாசகத்தை ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். அப்பா பெயரின் முதலெழுத்து, தன் பெயர், ஊர், வட்டம், மாவட்டம், வகித்த சங்கப் பொறுப்பு. கப்பலைவிட நீளமாக இருந்தது. வானத்தில் மின்னல்கள் இருப்பதால் இடமில்லை. கடலில்தான் இருந்தது. அலைக்கு ஒரு வரியாக இறக்கினேன். தன் பெயர் விழும்போது கொம்பைத் தானே பிடிப்பதாகச் சொல்லி, துடைப்பக் கழியைக் கழற்றச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். காளை, வாடிவாசல், பேச்சு எதுவும் இல்லை. மாவட்டம் முடிகிறவரை மூச்சுகூட அளந்துதான் விட்டார்.

மை தேய்த்துத் துடைத்துக் காட்டினேன். மாமா வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, கப்பலைத் தாண்டி நேரே கடலுக்குப் போய், எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். மனைவி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அரிசி யாரோடது?" என்றாள்.

இனி மிச்சமிருப்பது நுனி மட்டும்தான், என் சுண்டுவிரல் கனம். அவள் பெயரோ பதினோரு எழுத்து.