மாலத்தீவு சார்

மாலத்தீவு சார் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும்போது அவர் இலையில் மீன் குழம்பு ஊற்றக் கூடாது. நெய்மீனே ஆனாலும் ஒரு துண்டை விண்டு, வாயில் வைப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். "இது ஐஸ்ல கெடந்த மீனாக்கும். அங்க சாயங்காலம் தோணி கரைக்கு வரும். துள்ளத் துள்ளச் சூரையை வாங்கிட்டு வந்து அப்படியே சட்டியில போடுவோம் பாத்துக்கிடுங்க" என்பார். வடசேரிச் சந்தையில் விலை பேசி வாங்கி வந்து, தேங்காயும் நல்லமிளகும் மல்லியும் வறுத்தரைத்த மதினியின் முகம் சுருங்கிப்போகும். இதே சார் லீவு முடிந்து தீவில் போய் இறங்கிய மறுவாரம், அதே சூரையைத் தட்டில் வைத்துக்கொண்டு, "எத்தனை நாளைக்குத்தான் வே இதையே திங்கது? சாளைப் புளிமுளமும் மரச்சீனிக் கிழங்கும் தின்ன நாக்குல்லா இது!" என்று பக்கத்து அறை மார்த்தாண்டத்துக்காரரிடம் புலம்புவார். ஊரில் இருக்கும்போது தீவு. தீவில் இருக்கும்போது ஊர். கால் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டவர் எந்தக் கரையிலும் கிடையாது.

இதைப் பவிசு என்று சொல்லி ஊர் ஒதுக்கிவிடுகிறது. அந்தக் கணிப்பு தப்பு. பவிசுக்காரர் ஊரில் மட்டும்தான் பீற்றுவார். தீவில் சாளையைப் புகழ்வதால் யாரிடம் என்ன மதிப்பு கூடிவிடும்? காரணம் வேறு. வளைகுடாவுக்குப் போன குளச்சல்காரரைப் பாருங்கள். அங்கே மணல், இங்கே வாழைத்தோட்டம். அவர் வாய் திறக்காமலே வித்தியாசம் விளங்கிவிடும். மாலத்தீவு அப்படியா? அங்கும் தென்னை, இங்கும் தென்னை. தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி வீசும் காற்று இரண்டு இடத்துக்கும் பொது. காலை எழுந்ததும் சூரையையும் தேங்காய்த் துருவலையும் வெங்காயத்தையும் பிசைந்து, மாஸ் ஹுனி என்று பெயர் சொல்லி ரொட்டியோடு தின்கிறார்கள். நம் பாட்டிமார் யாரும் அதைக் கண்டு மிரளமாட்டார்கள். தூரமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. வான்வழியில் அளந்தால் நாகர்கோவிலிலிருந்து சென்னையும் மாலேயும் ஏறத்தாழ ஒரே தொலைவுதான், அறுநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். சென்னைக்கு ரயிலேறிய கொழுந்தியாள் விடிய விடிய உட்கார்ந்திருக்க, சார் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் வெளிநாட்டில் இறங்கிவிடுகிறார். வெளிநாடு போயும் வெளிநாடு போன மாதிரியே தெரியவில்லை என்பது லேசான துயரமில்லை. வித்தியாசம் சுண்டைக்காயளவு இருப்பதால்தான் அதைப் பெரிதாக்கிச் சொல்ல இவ்வளவு தொண்டை வேண்டியிருக்கிறது.

சூரையோடு இது நிற்பதில்லை. வேப்பமூட்டில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டு, "அங்க ஹாரன் சத்தமே கெடையாது, எங்க போனாலும் நடைதான்" என்பார். ஆட்டோ போகிற இடம் மீனாட்சிபுரம், நடந்தால் சட்டையில் வியர்வை அரும்புவதற்குள் வந்துவிடும். தீவுக்காரர்களிடமோ மலையைப் பற்றிப் பேசுவார். கடல்மட்டத்துக்கு மேல் சராசரியாக ஒன்றரை மீட்டர்தான் எழும்பி நிற்கிற நாட்டில், மருந்துவாழ்மலையையும் காளிகேசத்தையும் கேட்பவருக்கு மூச்சு வாங்கும்படி வர்ணிப்பார். மருந்துவாழ்மலையில் அவர் ஏறியதில்லை. அதேபோல, ஊர் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் படத்தின் நீலக்கடல் மேல் குடிலிலும் அவர் தங்கியதில்லை. அது ரிசார்ட். 1972-இல் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து பெரும்பாலும் அதற்கென்று தனித் தீவு, அதற்கென்று தனிக் கூட்டம். சார் குடியிருப்பது மக்கள் வாழும் தீவில் இரண்டு அறை வாடகை வீட்டில். படத்தைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் என்ன நினைத்தாலும் அவர் திருத்துவதில்லை.

பாவம், அவர் படுகிற பாடு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும். 2011 கணக்கெடுப்பில் படிப்பறிவு 91 சதவீதத்தைத் தாண்டி, தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற கன்னியாகுமரி மாவட்டம் இது. பி.எட். முடித்தவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பதால் தனியார் பள்ளிக்கூடம் கொடுப்பதுதான் சம்பளம். மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். ஆள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. சில நூறு பேர் வாழும் தீவிலும் பிள்ளைகளுக்கு ஆங்கில வழியில் கணக்கும் அறிவியலும் நடத்த வாத்தியார் வேண்டும். அப்படித்தான் இங்கிருந்து பி.எட். முடித்தவர்கள் போனார்கள். பல வீடுகளில் வேலை உண்மையில் டீச்சருக்குத்தான். கூடப் போய்ச் சமைத்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் ஊர் சேர்ந்து 'சார்' பட்டம் கொடுத்துவிட்டது. வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். இஸ்லாம் தவிர வேறு மதத்துக்குப் பொது வழிபாடு அங்கே கிடையாது. ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போன குடும்பம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக ஜெபிக்கிறது. காய்கறி சரக்குத் தோணியில் வரும். கடல் கோபித்தால் வராது. அரைமணி நேரத்தில் சுற்றி முடிக்கிற மண்ணில் மாலைதோறும் அதே முகங்களைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தாக வேண்டும். பிள்ளை பத்தாம் வகுப்பை நெருங்கும்போது அம்மா ஒரு கரை, பிள்ளை ஒரு கரை என்று குடும்பம் பிரியும். இதையெல்லாம் சார் ஊரில் சொல்வதே இல்லை. சூரையைப் பற்றி இத்தனை பேசுகிறவர் இதைப் பேசாமல் விழுங்கிவிடுகிறாரே என்று நினைக்கும்போது, மதினியின் குழம்பைக் குறை சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம் போலிருக்கும்.

மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. சாருடைய தீவில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். தகரக் கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாகத் தொட்டியில் பிடித்து, அதைத்தான் அளந்து குடிக்க வேண்டும். சார் அந்தத் தண்ணீரை வருடக்கணக்காகக் குடித்தவர். அதன் அருமையை லீவுதோறும் நமக்குப் பாடம் நடத்துகிறவர். அவர் ஊரில் வீடு கட்டியது எங்கே? வயலில். வாய்க்காலை ஒட்டிய நிலத்தில் லாரி லாரியாகச் செம்மண் தட்டி, மேடாக்கி, இரண்டு மாடி எழுப்பினார். காசு இருக்கிறது, கட்டுகிறார், வயலை விற்றவனைக் கேளுங்கள் என்று அவருக்காகப் பேச ஆள் உண்டு. விற்றவனுக்கு விவசாயத்தில் கட்டுப்படியாகவில்லை என்ற காரணமாவது இருக்கிறது. ஒரு குடம் நல்ல தண்ணீரின் விலை தெரிந்த சாருக்கு என்ன காரணம்? 1906-இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தது நெல் விளையத்தான், கார் நிறுத்துவதற்கில்லை. இனி அந்த வயல் மீளாது. ஆனால் 2003-இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்பு சாருடைய வீட்டிலும் இருக்கிறது: மொட்டை மாடியிலிருந்து அழகாக இறங்கி வருகிற நீலக் குழாய், தெருவைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிறது. வருடத்தில் இரண்டு பருவமும் மழை கொட்டும் மாவட்டத்தில் அத்தனையும் ரோட்டில் ஓடுகிறது. சார், அடுத்த லீவில் மீனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறோம்; அதற்கு முன் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு அந்தக் குழாயை ஒரு தொட்டியில் சேர்த்துவிடுங்கள்.