பிரிவு 97-ம் ஒரு நைட் டியூட்டியும்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ஐ எழுதியவர்கள் தீர்க்கதரிசிகள். 97-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நோயாளியைத் தண்டனையாகக் கட்டிவைக்கக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டலாம். காரணத்தைக் குறிப்பில் எழுத வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லாம் நியாயம். அதோடு இன்னொன்றும் இருக்கிறது: ஊழியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது. பாருங்கள், வார்டில் ஆள் இருக்காது என்பது நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது!

ஆள் போடவும் சட்டம் சொல்லாமல் இல்லை. 31-ஆம் பிரிவின்படி, மக்கள்தொகைக்கேற்ற மனநலப் பணியாளர் எண்ணிக்கையை எட்ட அரசு பத்தாண்டுக்குள் முயற்சி எடுக்க வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. ஆக, 2028 வரை அரசுக்கு அவசரமில்லை. அதன் பிறகும் 'முயற்சி எடுத்தோமே' என்று கையை விரிக்கலாம். நர்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவளுக்குச் சட்டம் முழுசாக, வேலைக்குச் சேர்ந்த முதல் இரவே அமலாகிவிடுகிறது.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. அதன் பிறகுதான் நாட்டுக்கு வெட்கம் வந்தது. இன்று 95-ஆம் பிரிவு சங்கிலியை அடியோடு தடைசெய்கிறது. செய்யத்தான் வேண்டும். ஆனால் சங்கிலியை எடுத்த இடத்தில் மனிதர்களை வைக்க வேண்டும். மனிதர்கள் என்றால் செலவு. நிதித்துறை யோசித்துக் கண்டுபிடித்த மலிவான வழிதான் தொகுப்பூதிய நர்ஸ்.

அவள் இருபத்திரண்டு வயதுப் பெண். நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்கில் மனநல வார்டைப் பார்த்தது சில வாரப் போஸ்டிங்கில்தான். அங்கே நோயாளியோடு பேசியதை வார்த்தைக்கு வார்த்தை நோட்டில் எழுதி டியூட்டரிடம் கையெழுத்து வாங்கினாள். இப்போது இரவில் வார்டே அவள் பொறுப்பு. இன்சார்ஜ் சிஸ்டர் கொடுத்த பயிற்சி ஹேண்ட் ஓவரின்போதே முடிந்துவிட்டது: "யாருக்கும் முதுகைக் காட்டாதேம்மா. ஐ.டி. கார்டைக் கழுத்துல தொங்கவிடாதே. என்ன ஆனாலும் சாவியைத் தொலைச்சிடாதே."

ஒரு கோடியில் மூன்று நாளாகத் தூங்காத ஒருவர் தான்தான் அடுத்த முதல்வர் என்று அமைச்சரவை அமைத்துக்கொண்டிருக்கிறார். (அந்த அமைச்சரவையில் அவளுக்குச் சுகாதாரம். நியாயமான தேர்வு.) மறுகோடியில் நேற்றுத் தூக்குப்போட முயன்ற பையன், அவனை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது. லித்தியம் சாப்பிடும் பெரியவருக்குக் கை நடுக்கமும் பேதியும். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறியிருக்குமோ என்று அவளுக்குப் பயம். ஹாலோபெரிடால் ஊசி போட்ட இளைஞனுக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது. "நடிக்கிறான் சிஸ்டர்" என்கிறார் அட்டெண்டர். மருந்துதான் அப்படி இழுக்கிறது என்று அவளுக்குத் தெரியும். டியூட்டி டாக்டர் வேறு வார்டில் இருக்கிறார்.

பகல் டியூட்டி வந்தால் போன் வேலை. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19-ஆம் பிரிவு. சரி, எங்கே அனுப்புவது? சேர்க்கும்போது கொடுத்த எண் உபயோகத்தில் இல்லை. உபயோகத்தில் இருக்கும் ஒரு வீட்டில், "தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வந்திருக்காங்க, இந்த நேரத்துல ஏங்க..." என்று வைத்துவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன்? சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஓர் இடம் 1794-லேயே திறந்தாகிவிட்டது. இத்தனை காலத்தில் 'கீழ்ப்பாக்கம்' என்றதும் சிரிக்க மட்டும் பழகியிருக்கிறோம். நர்ஸின் அம்மாவே தரகரிடம் "கவர்மென்ட் ஆஸ்பத்திரி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எந்த வார்டு என்று வாய் திறப்பதில்லை.

சம்பளத்துக்கு வருவோம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பியவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் போராட்டமாகப் போய் உட்கார்ந்தார்கள். பிறகு அது 14,000 ஆனது, அப்புறம் 18,000. இதற்கிடையே 2016-ல் மத்திய அரசின் குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகூட 20,000-க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. தனியார் கொள்ளையர்களுக்குச் சொன்னதை மக்கள் நல அரசு ஏன் காதில் வாங்க வேண்டும்? கொரோனாவில் எடுத்தவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. 2022 டிசம்பர் 31-ஓடு வேலையும் போனது.

ஒரு நாள் விடியற்காலை ஒருவர் சுவரேறிப் போய்விடுகிறார். மூன்றாம் நாளே விசாரணைக் குழு தயார். இரவில் ஒரு ஆள் கூடுதலாகப் போட நிதியில்லாத துறைக்கு, விசாரிக்க ஐந்து பேர் எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறார்கள்.

"அந்த நேரத்துல எங்கே இருந்தே?"

"அந்தப் பையன் கட்டில்கிட்ட, சார். அவனைத் தனியா விடக் கூடாதுன்னு கேஸ் ஷீட்ல இருக்கு."

"அப்போ இந்தப் பக்கம் யார் பார்த்தது?"

பதில் சொல்ல வேண்டியவர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் அவள் பேசாமல் நிற்கிறாள். 'பணியில் கவனக்குறைவு' என்று மெமோ வருகிறது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டுமாம். அதே வாரம் மே 12 செவிலியர் தின விழாவுக்கு ஒத்திகை. அமைச்சருக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடித்து நிற்க, பார்க்க லட்சணமான பெண் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.