கூடாரத்துக்கு வெளியே படுத்தவர்கள்

என் தாத்தா கூடாரம் அடிப்பதில் கெட்டிக்காரர். ஆயுளில் ஒருநாள்கூட அதற்குள் படுத்ததில்லை.

டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் பேர் பதிந்த ஆள் அவர். வெள்ளைக்காரத் துரைமார் ஹோர்ட்டன் சமவெளிக்கு மரை வேட்டைக்குப் புறப்பட்டால், விடியற்காலைப் பிரட்டுக்களத்திலேயே கங்காணி ஆட்களைப் பிரித்துவிடுவாராம். கவ்வாத்துக்கு இத்தனை பேர், மலைக்குச் சாமான் தூக்க இத்தனை பேர். சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கித்தான், கம்பு, முளை, மடக்குக் கட்டில், துரையின் சாராயப் பெட்டி, நாய்களுக்கு அரிசி என்று எல்லாம் காட்டுப்பாதையில் தலைச்சுமையாக ஏறும். காய்ந்த கித்தானை இரண்டு பேர் தூக்கிவிடலாம், மழையில் நனைந்தால் மூன்றாவது ஆள் வேண்டும் என்பார் தாத்தா.

அவர் சொல்லித் தந்த கூடாரப் பாடம் ஒரு பொறியியல் பாடத்துக்குக் குறையாதது. ஓடைப் பள்ளத்தில் அடிக்காதே. இரவில் குளிர் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும், புல்லில் பனி உறைவதும் அங்கேதான். வாசலைக் காற்றுக்கு எதிர்ப்புறம் வை. சுற்றிவரக் கான் வெட்டு, வெட்டிய கானைச் சரிவுப் பக்கம் திறந்துவிடு. நனைந்த கித்தானை உள்ளேயிருந்து விரலால் தொடாதே, தொட்ட இடத்தில் ஒழுகும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடித்து நெசவு இற்றுவிடும். வெயில் வரும்வரை காத்திரு. இவற்றையெல்லாம்விட முக்கியமானது கயிறு. அந்தக் காலத்துக் கயிறு மழை பட்டால் சுருங்கி இறுகும். முளையைப் பிடுங்கும், இல்லாவிட்டால் கித்தானைக் கிழிக்கும். ஆகவே மழை தொடங்கியதும் ஒருவர் எழுந்து கயிறுகளைத் தளர்த்த வேண்டும், மழை விட்டுக் காய்ந்ததும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும்.

நடுச்சாமத்தில் எழுந்துபோன அந்த ஒருவர் என் தாத்தா. அவரும் கூட்டாளிகளும் படுத்தது கிளைகளைச் சாய்த்துப் புல் போட்ட ஒரு மறைப்பின் கீழ். ஆளுக்கொரு கம்பளி, நடுவே நெருப்பு. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அங்கே விடியும்போது புல்வெளி வெள்ளையாக இருக்கும். அந்தக் குளிரில் அவருடைய கால்விரல்கள் மரத்துப்போனதைச் சொல்லும்போதுகூடத் தாத்தாவின் குரலில் கோபம் இருக்காது. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

இந்த வேட்டை வழக்கத்துக்கு ஆரம்பம் தாத்தா காலத்துக்கும் முந்தியது. சாமுவேல் பேக்கர் 1848ல் நுவரெலியாவில் பண்ணை போட வந்தவர். வேட்டை நாய்களோடு மரையை விரட்டி, நாய்கள் மடக்கிய இடத்தில் கத்தியால் குத்திக் கொல்வது அவருக்குப் பிடித்த விளையாட்டு. இலங்கையில் அலைந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி 1855ல் புத்தகமே போட்டார். சமவெளியிலுள்ள நீர்வீழ்ச்சிக்கு இன்றும் அவர் பெயர்தான். பிந்திய தலைமுறை வேட்டைக்காரரான தாமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயர் அங்குள்ள பழைய வேட்டை விடுதிக்கு. சுமந்தவர்களின் பெயரில் ஒரு கல்லும் இல்லை, ஒரு மேடும் இல்லை.

வெள்ளைக்காரத் துரைமாருக்கு முன்பு இந்த நாட்டில் கூடாரம் இருக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ராபர்ட் நொக்ஸ் 1681ல் வெளியிட்ட நூலில் தாளிப்பனை ஓலையைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசனின் படைவீரர்கள் ஆளுக்கோர் ஓலை கொண்டுபோவார்கள். நடக்கும்போது மழைக்குத் தலைமேல் பிடிப்பார்கள், இரவில் அதையே கூடாரமாக்கிக்கொள்வார்கள். சுமந்தவனே அதன் கீழ் தூங்கினான். கித்தான் வந்த பிறகுதான் சுமப்பவன் வேறு, தூங்குபவன் வேறு என்றாயிற்று.

இன்று சமவெளியில் அந்த வேட்டை இல்லை. 1937ல் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது; சமவெளி 1969ல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988ல் தேசியப் பூங்காவாகவும் ஆனது; 2010ல் மத்திய மலைநாட்டின் உலக மரபுரிமைப் பகுதியில் சேர்ந்தது. பேக்கர் காலத்தில் அங்கே திரிந்த யானைகள் திரும்பவில்லை. மரைகள் தப்பிப் பெருகின. அவருடைய நாய்களுக்குப் பயந்து ஓடையில் குதித்த அதே இனம் இன்று ஃபார் விடுதி வாசலில் வாகனங்களுக்கு நடுவே நின்று, பயணிகள் நீட்டும் பிஸ்கட்டை உறையோடு விழுங்குகிறது. கத்தியால் செத்தது போய்ப் பொலித்தீனால் சாவதைப் பாதுகாப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பூங்காவுக்கு வெளியே தேயிலைக்குள் இன்னும் மோசம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டி, சில நாட்களில் செத்தது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக்கு எது பன்றி, எது சிறுத்தை என்று தெரியாது.

கூடாரம் மட்டும் போகவில்லை. ஏப்ரல் சீசன் வந்தால் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையெங்கும் மஞ்சளும் நீலமுமாகக் கூடாரங்கள் முளைக்கின்றன. கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகள் குளிரை அனுபவிக்க வருகிறார்கள், வரட்டும். அவர்களுக்குக் கூடாரம் அடிப்பவன் என் அக்கா மகன். ஹட்டனில் ஏ.எல். வரை படித்தவன். நான் தாத்தாவின் கயிற்றுப் பாடத்தைச் சொன்னபோது, “நைலோன் கயிறு நனைஞ்சா இறுகாது மாமா, இளகும். அப்பவும் எழும்பிப் போய் இழுத்துக் கட்டத்தான் வேணும்” என்றான். எழும்பிப் போகிறவன் எங்கே படுக்கிறான் என்று கேட்டேன். ஆட்டோவின் பின்சீட்டில். கூடாரங்களின் சொந்தக்காரர் வேறோர் ஊர் ஆள். இரவுக்கென்று தனிச் சம்பளம் கிடையாது.

கொழும்புப் பிள்ளைகள் விரும்பி வெளியே படுக்கிறார்கள்; மலையகத்தில் எங்கள் ஆட்கள் மண் சரியும்போது வீட்டை இழந்து வெளியே படுக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதைந்தபின், உயிர் தப்பியவர்களைப் பள்ளிக்கூடத்திலும் பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்க வைத்தார்கள். மழைக்கு எங்கே கான் வெட்ட வேண்டும், எந்தச் சரிவு நிற்கும் என்று அறிந்த சனத்துக்கு, அந்தச் சரிவில் ஒரு பேர்ச் நிலம்கூடச் சொந்தமாக இல்லை. காணி அரசாங்கத்துடையது. 1992க்குப் பிறகு அதை நடத்துவது கம்பனிகள். லயத்துக் காம்பராவுக்கே உறுதி இல்லாதவன் நீர்த்தேக்கக் கரையில் எந்த உரிமையில் முளை அடிப்பான்?

அக்கா மகன் சொந்தமாக இரண்டு கூடாரங்கள் வாங்கிவிட்டான். தேயிலை போடாத ஒரு துண்டுக் கரையை வாடகைக்குக் கேட்டுத் தோட்ட அலுவலகத்துக்கு எழுதினான், பதில் இல்லை. இரவு ஆட்களுக்கு ஒரு கூடாரமும் தனிக் கூலியும், மலசலகூடம், குப்பையை அன்றன்றே ஹட்டனுக்கு இறக்கும் ஏற்பாடு, வாடகைத் தொகை எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு இரண்டாவது கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தட்டச்சு செய்திருக்கிறோம். நானும் கையெழுத்திட்டேன். திங்கட்கிழமை அவனோடு நேரில் போய்க் கொடுக்கப் போகிறேன்.