துளையட்டைத் தரகர்

1965. வியட்நாமில் போர் மும்முரம். ஹார்வர்டில் ஜெஃப் டார், வான் மொரில் என்ற இரண்டு மாணவர்களுக்கோ சனிக்கிழமை சாயங்காலம் கூட வர ஒரு பெண் அகப்படவில்லையே என்பது கவலை. அப்போது அந்தக் கல்லூரியில் ஆண்களுக்கு மட்டும்தான் இடம்.

வேறு யாராவது என்றால் தலையைப் படிய வாரிக்கொண்டு நேரே போய்ப் பேசியிருப்பான். இவர்கள் கேள்வித்தாள் அச்சடித்தார்கள். உன்னைப் பற்றி 75 கேள்வி, உனக்கு வேண்டிய ஆளைப் பற்றி 75 கேள்வி, தட்சிணை 3 டாலர். 'ஆபரேஷன் மேட்ச்' என்று பெயர், ஏதோ எதிரி நாட்டுக்குள் பாராசூட்டில் குதிக்கப்போவது மாதிரி.

வந்த பதில்களைத் துளையட்டைகளில் ஏற்றி, வாடகைக்குப் பிடித்த பெரிய கம்ப்யூட்டருக்கு ஊட்டினார்கள். அது யோசித்து, சில பெயர்களையும் டெலிபோன் நம்பர்களையும் துப்பியது. அத்தோடு அதன் வேலை முடிந்தது. இனி போன் செய்து பேச வேண்டியது பையன்தான். எந்தத் தைரியம் இல்லாமல் 3 டாலர் கட்டினானோ, அதே தைரியம் மறுபடி வேண்டும்!

கார்னெல் படிப்பைப் பாதியில் விட்டு இந்த 'ஆபரேஷன் மேட்ச்' கம்பெனியில் சேர்ந்த டக்ளஸ் கின்ஸ்பர்க், பின்னாளில் நீதிபதியானார். 1987இல் அமெரிக்க ஜனாதிபதி ரேகன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிய, எப்போதோ புகைத்த கஞ்சா குறுக்கே வந்து சம்பந்தம் முறிந்தது.

தரகர் பெருமையின் உச்சம் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில். உளவியல் ஆய்வாளர் எலெய்ன் வால்ஸ்டரும் கூட்டாளிகளும் புது மாணவர்களுக்கு 'கம்ப்யூட்டர் நடனம்' நடத்தினார்கள். டிக்கெட் 1 டாலர். கம்ப்யூட்டர் பொருத்தம் பார்த்து ஜோடி சேர்க்கும் என்று நம்பி 752 பேர் வரிசையில் நின்று, படிவத்தைப் பயபக்தியோடு பூர்த்தி செய்தார்கள்.

கம்ப்யூட்டர் பொருத்தமே பார்க்கவில்லை. ஜோடிகளைக் குருட்டாம்போக்கில் சேர்த்துவிட்டார்கள். பெண் பையனைவிட உயரமாக இருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. இதற்கிடையில் டிக்கெட் மேஜையில் அப்பாவியாக உட்கார்ந்திருந்த நாலு மாணவர்கள், எதிரே வந்து நின்ற ஒவ்வொருவரின் அழகுக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் ரகசியமாக மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடன இடைவேளையில், ஜோடியைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். நடனமே ஓர் ஆய்வுதான்; 1966இல் அது வெளியானது. புத்திசாலித்தனம், குணம் எதுவும் எடுபடவில்லை. டிக்கெட் மேஜைக்காரர்கள் யாருக்கு அதிக மார்க் போட்டிருந்தார்களோ, அவரைத்தான் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள்.