பிரஷர் எந்த வழிச் சொத்து?

தமிழ்க் குடும்பங்களில் இரத்த அழுத்தத்தின் மூலம் பற்றி இரண்டு கொள்கைகள் நிலவுகின்றன. அது அப்பா வழியில் வந்தது என்பது அம்மா வீட்டார் கொள்கை. அம்மா வழியில் வந்தது என்பது அப்பா வீட்டார் கொள்கை. இருதரப்பும் காட்டும் சான்று ஒன்றுதான்: "எங்க பக்கம் ஒருத்தருக்கும் பிரஷர் கிடையாது." கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை இத்தாலியர் ரிவா ரோச்சி 1896இல்தான் செய்தார். அது நம் ஊர் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் பல தாத்தாக்கள் அளக்கப்படாமலே, ஆகவே பிரஷர் இல்லாமலே, காலமாகிவிட்டார்கள். "பேசிக்கிட்டே இருந்தார், பொசுக்குனு போயிட்டார், புண்ணியாத்மா" என்பது அவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்பு.

இங்கிலாந்தில் இந்த வழக்கை 1950களிலேயே இரண்டு பேராசிரியர்கள் எடுத்து நடத்தினார்கள். உயர் இரத்த அழுத்தம் ஒரு தனி நோய், ஒற்றை மரபணுவால் வருவது, உலகத்தார் அதை உடையார், இல்லார் என இரு பிரிவினர் என்றார் மான்செஸ்டரின் ராபர்ட் பிளாட். ஜார்ஜ் பிக்கரிங் மறுத்தார்: அழுத்தம் எல்லோருக்கும் உண்டு, உயரத்தைப் போலக் கூடியும் குறைந்தும் இருக்கும், பல மரபணுக்கள் சேர்ந்து செய்வது, நோய்க்கான கோடு நாம் கிழிப்பது. 'தி லான்செட்' இதழில் இருவரும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். வென்றவர் பிக்கரிங். 2017இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் அந்தக் கோட்டை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கியபோது, சுமார் 3 கோடி அமெரிக்கர்கள் உடம்பில் எதுவும் மாறாமலேயே நோயாளிகள் ஆனார்கள்.

பங்கு பிரிந்த விதம் 2018இல் வெளியான ஓர் ஆய்வில் தெளிவானது. 10 லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து, அழுத்தத்தோடு தொடர்புடைய 901 மரபிடங்களைக் காட்டினார்கள். பெரும்பாலானவற்றின் பங்கு தலைக்கு 1 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைவு. இத்தனை துண்டாகப் பிரிந்த புஞ்சைக்குப் பட்டா கேட்டால் தாசில்தார் ராஜினாமா செய்துவிடுவார். ஆனால் பிரித்த முறையில் பாரபட்சம் இல்லை. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு கொடுத்த 1989ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களை விட்டுவிட்டது. பிரஷர் யாரையும் விடவில்லை. தாயும் தகப்பனும் ஆளுக்குப் பாதி எழுதிவைத்திருக்கிறார்கள், முத்திரைத்தாள் செலவு இல்லாமல்.

மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு. "மரபணுவாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாம் ஊறுகாய்" என்பது அவர்கள் வாதம். கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1970களில் இதைச் சோதித்தார்கள். தத்தெடுத்த பிள்ளைகளும் பெற்ற பிள்ளைகளும் உள்ள வீடுகள். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே உப்பு. பெற்ற பிள்ளைகளின் அழுத்தம் பெற்றோரின் அழுத்தத்தோடு ஒத்துப்போன அளவுக்குத் தத்துப்பிள்ளைகளின் அழுத்தம் ஒத்துப்போகவில்லை. அதற்காக ஊறுகாய்க் கட்சி தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. மனிதருக்கு மனிதர் அழுத்தம் வேறுபடுவதில் மரபின் பங்கு ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். மிச்சத்தில் ஜாடிக்கும் தொப்பைக்கும் தாராளமாக இடம் இருக்கிறது.

பிளாட்டுக்கும் ஓர் ஆறுதல் கிடைத்தது. 1963இல் கிராண்ட் லிடில் விவரித்த அபூர்வக் குடும்பநோயில் ஒரே மரபணுக் கோளாறு சிறுநீரகத்தை உப்பை விடாமல் பிடித்துவைக்கச் செய்கிறது. அந்தக் குடும்பத்தில் அவர் முதலில் விவரித்த நோயாளிக்குப் பின்னாளில் வேறொருவர் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அத்தோடு கோளாறு நீங்கியது. குடும்பச் சொத்தை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க இதுவரை தெரிந்த நேர்வழி இது. எல்லோருக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

இரத்த உறவே இல்லாத கணவன் மனைவி விஷயம் தனி. நான்கு நாடுகளின் தம்பதிகளை ஆராய்ந்து முடிவை 2023இல் வெளியிட்டார்கள். கணவனுக்குப் பிரஷர் இருந்தால் மனைவிக்கும் இருக்கும் வாய்ப்பு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 9 சதவீதம் கூடுதல், இந்தியாவில் 19. ஒரே சாப்பாடு, ஒரே பழக்கவழக்கம் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். யாரால் யாருக்கு வந்தது என்று தம்பதிகளைத் தனித்தனியே விசாரித்தால் விடை உடனே கிடைக்கும்; இரண்டு விடைகள் கிடைக்கும்.