முடிச்சும் குழாயும்: உல்லாஸ்நகர் இல்லங்களில் சட்டைக்குச் சாயமேற்றும் கலை குறித்து ஓர் ஆராய்ச்சி

ஆராய்ச்சிக்கு அருகதையுள்ளவை என்று பெரியோர் வகுத்து வைத்த விஷயங்கள் யாவும், கல்வெட்டு முதல் கர்மபலன் வரையில், வேண்டிய மட்டும் ஆராயப்பட்டுவிட்டபடியால், இதுவரை எந்தப் பேராசிரியரும் கைவைக்காத ஒன்றை, அதாவது விட்டல்வாடி நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரத்திலுள்ள ஒரு பாரக் வீட்டின் மோரியில், அதாவது குளிக்கவும் அலசவும் ஒதுக்கிய மூலையில், குந்தியமர்ந்து, ரப்பர் பேண்டால் இறுகக் கட்டிய டி-ஷர்ட்டுக்கும் ஸ்வெட்ஷர்ட்டுக்கும் பல நிறச் சாயம் ஊற்றக் கற்றுக்கொள்ளும் முயற்சியை, சாஸ்திர முறைப்படி விசாரிக்க முற்படுகிறோம். வேறெந்த ஊரை எடுத்துக்கொண்டிருந்தாலும் இவ்விசாரணை வர்ணங்களைப் பற்றியதாக முடிந்திருக்கும். உல்லாஸ்நகரை எடுத்துக்கொண்டதனால் அது ஆரம்பம் முதலே தண்ணீரைப் பற்றியதாகிவிட்டது. ஒரு சட்டையில் எத்தனை நிறம் அமையும், அவை எவ்வளவு ஆழமாக அமையும் என்பவற்றை நிர்ணயம் செய்யும் அதிகாரம் முனிசிபல் குழாயினிடத்தே இருக்கிறது என்பது நம் சித்தாந்தம்.

முதலில் ஸ்தல புராணம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் கல்யாணுக்கு அருகே சிப்பாய்கள் தங்கிப் போவதற்காக எழுப்பிய முகாமில், தேசம் பிரிந்த பின்பு சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் குடியமர்த்தப்பட்டனர். 1949-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் தேதி அதற்கு ஒரு நகரமாக அஸ்திவாரக் கல் நாட்டியவர் அப்போது கவர்னர் ஜெனரலாயிருந்த நம் ராஜாஜி. வெள்ளைக் கதருக்குப் பேர்போன ஒருவர் கையால் தொடங்கி வைக்கப்பட்ட ஊர் பிற்காலத்தில் நீல ஜீன்ஸுக்குத் தலைநகரமாயிற்று என்பதில் சரித்திரத்தின் குறும்பைக் காண்போர் காணலாம். அன்றைய முகாம்கள் ஒன்று முதல் ஐந்து வரை கேம்ப் என்ற பெயரோடும், சிப்பாய்க் கொட்டகைகள் பாரக் நம்பர்களாகவும், இன்றளவும் தபால்காரரின் வாயில் வாழ்கின்றன. இவ்வூர்ச் சரக்கில் காணப்பட்ட ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்ற முத்திரைக்கு ‘உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்’ என்று வியாக்கியானம் சொல்லும் பரிகாசம் பம்பாய் முழுவதும் பிரசித்தம்.

இங்கே கவனிக்கத்தக்க பொருளாதார விபரீதம் ஒன்றுண்டு. ஜீன்ஸ் தொழிலின் உயிர்நாடி துணியிலிருந்து நிறத்தை எடுப்பதில் இருக்கிறது. அவுரி நீலம் ஏறிய துணியைத் தைத்து, நுரைக்கல்லோடும் நொதிகளோடும் பெரிய உருளைகளில் சுழற்றி, முழங்காலிலும் தொடையிலும் வெளுக்க வைத்தால்தான் அதற்கு நல்ல விலை. ஊர் முழுவதும் கூலி வாங்கிக்கொண்டு சாயத்தைக் கழுவி வெளியேற்றிப் பழகியிருக்க, அதே ஊரில் ஒரு குடும்பம் கைக்காசு போட்டுச் சாயத்தை உள்ளே ஏற்ற முயல்வது பிரவாகத்துக்கு எதிரே நீந்துவதாகும். இந்தத் துணிவு ஒன்றுக்காகவே அக்குடும்பம் ஆராயத்தக்கது.

இனி இக்கலையின் பிறப்பைப் பற்றிய பூர்வபட்சம். கட்டிச் சாயமேற்றும் கலை 1969-இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் சங்கீத விழாவில் தலைமுடி வளர்த்த இளைஞர்களிடமிருந்து உலகுக்குக் கிடைத்தது என்று கல்லூரி மாணாக்கர் சிலர் வாதிக்கின்றனர். ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் ஹர்ஷசரிதத்தில் ராஜ்யஸ்ரீயின் விவாக ஏற்பாடுகளை விவரிக்கும்போதே கட்டிச் சாயமிட்ட வஸ்திரங்களைப் பேசுகிறார் என்றால், அந்த இளைஞர்கள் ஆயிரத்து முந்நூறு வருஷம் தாமதித்து வந்தவர்கள் என்பது பெறப்படும். கூர்ஜரத்திலும் கட்ச்சிலும் பெண்கள் சுண்டுவிரல் நகத்தை நீள வளர்த்து, அல்லது கூர்முனை வைத்த மோதிரம் அணிந்து, துணியைக் கடுகளவு தூக்கி நூல் சுற்றும் பாந்தனியை நாம் அறிவோம். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் ஒரு புடவையில் ஆயிரக்கணக்கான முடிச்சிட்டுப் புள்ளி எழுப்பும் சுங்குடி 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. வியாபாரிகள் முடிச்சை அவிழ்க்காமலே புடவையைக் காட்டுவதும், வாங்குகிறவர் இரு பக்கமும் பற்றி இழுத்ததும் நூல் சடசடவென்று உதிர்ந்து புள்ளிகள் கண் விழிப்பதும் அக்கலையின் பிரத்தியட்சப் பிரமாணம். அந்தப் பொறுமையின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத நம்மவர், எட்டு ரப்பர் பேண்டுகளோடு காரியத்தை முடித்துக்கொள்ளும் நவீன சாகையைச் சேர்ந்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

முடிச்சைப் பொறுத்தவரை இந்தச் சாகைக்குள் மூன்று மதங்கள் உண்டு. சட்டையைத் தரையில் விரித்து நடுவில் இரு விரலால் கிள்ளி, கைமுறுக்குச் சுற்றுவதுபோல் சுற்றித் தட்டையாக்கி, ரப்பர் பேண்டால் ஆறாகவோ எட்டாகவோ பகுப்பது சுருள் மதம். விசிறியாக மடித்துக் கோடு கோடாகக் கட்டுவது மடிப்பு மதம். கைக்கு வந்தபடி கசக்கிப் பந்தாக்கிக் கட்டிவிட்டு, விளைந்தது எதுவாயினும் அதையே தாம் உத்தேசித்திருந்ததாகச் சாதிப்பது கசக்கல் மதம். எண்ணிக்கையில் இதற்கே அனுயாயிகள் அதிகம். ஹோலிப் பண்டிகையன்று பாழான சட்டைக்கும் கசக்கல் மதத்துச் சட்டைக்கும் லட்சண பேதம் யாது என்ற கேள்விக்கு அந்த மதத்தாரிடம் சரியான சமாதானம் இல்லை.

ரசாயன காண்டம் சற்றுக் கடினமாயினும் அதைத் தாண்டாமல் போக முடியாது. 1856-இல் பெர்க்கின் என்ற ஆங்கில வாலிபர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டெடுத்தார். சரியாக நூறு வருஷம் கழித்து, 1956-இல், ராட்டீ, ஸ்டீபன் என்ற இருவர் கண்டுபிடித்த புரோசியான் சாயங்களை ஐ.சி.ஐ. கம்பெனி விற்பனைக்கு விட்டது. அதற்கு முன்பிருந்த சாயங்கள் பெரும்பாலும் பருத்தியோடு ஒட்டி உறவாடின. இவை அதனோடு ரசாயனப் பிணைப்பாலேயே கல்யாணம் செய்துகொண்டன. அந்தக் கல்யாணத்துக்குப் புரோகிதர் சோடா ஆஷ். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டம்ளர் வீதம் கரைத்துச் சட்டையைக் கால் மணி நேரம் ஊற வைத்தால் காரம் ஏறிய பருத்தி சாயத்தைப் பற்றிக்கொள்ளத் தயாராகும். கொதிக்க வைக்கத் தேவையில்லை என்பதால் கடைக்காரர்கள் இதைக் கோல்டு (குளிர்) பிராண்டு என்கிறார்கள். குளிர்நாட்டார் இதற்கென்று அறையைச் சூடாக்குவது வழக்கம். நமக்கு அக்டோபர் மாதமே அந்த உபகாரத்தை இலவசமாகச் செய்துவிடுகிறது. ஆனால் இந்தச் சாயத்துக்கு ஒரு துர்க்குணம் உண்டு. காரம் கலந்த மாத்திரத்தில் அது பருத்தியைத் தேடுவது போலவே தண்ணீரையும் தேடிப்போய்ச் சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்த சாயத்தால் துணிக்குப் பிரயோஜனமில்லை. ஆகவே சோடாவைச் சாயப் புட்டியில் கலந்து வைப்பவர் சில மணி நேரத்தில் வெறும் நிறத்தண்ணீருக்கு அதிபதியாவார்.

ஸ்வெட்ஷர்ட் தனி அத்தியாயம். 1920-களில் அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் விளையாட்டு வீரர்களுக்கென்று பிறந்த இந்த அங்கி, ஈரக்காற்றும் வியர்வையும் ஓயாத உல்லாஸ்நகரில் எதற்கு என்று கேட்போருண்டு. லோனாவ்லா சுற்றுலாவுக்கும், பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பிக்கு அனுப்பவும் என்று பதில் வரும். கஜானந்த் மார்க்கெட்டில் வாங்கும் டி-ஷர்ட், பெரும்பாலும் திருப்பூரில் பிறந்தது, சதுர மீட்டருக்கு நூற்றைம்பது முதல் நூற்றெண்பது கிராம் எடை. ஸ்வெட்ஷர்ட் முந்நூறு கிராமை நெருங்கும். அதை மடித்துக் கட்டினால் சாயம் உள்மடிப்பை எட்டாமல் வெள்ளைத் தீவுகள் எஞ்சும். அன்றியும் மலிவான ஸ்வெட்ஷர்ட்டில் பாதிக்குப் பாதி பாலியஸ்டர் கலந்திருக்கிறது. பாலியஸ்டரோ நூற்று முப்பது டிகிரி வெப்பத்தில் அழுத்தக் கலத்தில் வேறு ஜாதிச் சாயத்துக்கு மட்டுமே மசியும் பிடிவாதக்காரன். ஆகையால் ஊற்றிய சிவப்பு ரோஜா நிறமாய்ச் சோர்ந்து நிற்கும். சுத்தப் பருத்தி என்று சத்தியம் செய்து விற்ற சட்டையில்கூடத் தையல் நூல் மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்பதைக் கண்டு மனம் கலங்குவோர், அந்த நூல் பாலியஸ்டர் என்று தெளிக. இதற்கு மாறாக, பக்கத்து ஷஹாடில் செஞ்சுரி ரேயான் ஆலை மரக்கூழிலிருந்து இழுக்கும் ரேயானும் அடிப்படையில் செல்லுலோஸே ஆதலால், பருத்திக்கு நிகராகச் சாயம் குடிக்கும். ஊருக்குள்ளேயே உத்தமமான வரன் இருக்க, வெளியூர் ஸ்வெட்ஷர்ட்டுக்கு அலைவானேன் என்பது நம் சொந்த அபிப்பிராயம்.

இப்போது நம் சித்தாந்தத்துக்கு வருவோம். சாயமேற்றப் பிடிக்கும் தண்ணீர் சொற்பம். ஏறாத சாயத்தை வெளியேற்றப் பிடிக்கும் தண்ணீரே அபாரம். முன்கழுவல், சோடா ஊறல், கட்டோடு குளிர்ந்த நீரில் அலசல், கட்டவிழ்த்து அலசல், சோப்பும் வெந்நீரும், பிறகு நீர் தெளியும்வரை மீண்டும் மீண்டும் அலசல் என்ற கிரமத்தில், ஒரு டி-ஷர்ட்டுக்குக் குறைந்தது அரை டஜன் வாளி போகும். ஸ்வெட்ஷர்ட்டுக்கு அதைப்போல் இரு மடங்கு. குழாயோ குறித்த வேளையில் மட்டும் திறக்கும். எஞ்சிய நேரத்துக்கு மூலையில் நிற்கும் நீல டிரம்தான் கதி.

“அம்மா, டிரம்லேர்ந்து ரெண்டு வாளி எடுத்துக்கட்டுமா?”

“குடிக்கிற தண்ணிடி அது. கையை வெச்சே, அப்புறம் உங்கப்பாகிட்ட நீயே பதில் சொல்லிக்கோ.”

இந்தச் சம்வாதத்தை வாசற்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து பாரக் சிந்திப் பாட்டியம்மாள், “பேட்டா, பஹலே பானி பரோ, ஃபிர் ரங் கோலோ” என்றார்; முதலில் தண்ணீர் பிடி, பிறகு சாயம் கரை என்று அர்த்தம். நியாய சாஸ்திரத்தார் சப்தப் பிரமாணம் என்பது இதுதான். பிடித்து வைத்த வாளிகளை எண்ணிவிட்டு அதற்குத் தக்க நிறங்களைத் தேர்ந்தெடுப்பதே கற்றோர் முறை. கறுப்பும் கருநீலமும் அலச அலச நீரை விடாமல் கலக்குபவை. மஞ்சள் விரைவில் தெளிந்துவிடும் சாது. எனவே மாடிக் கொடியில் காயும் சட்டைகளில் மஞ்சளும் ஆரஞ்சும் மிகுந்திருந்தால் அவ்வாரம் குழாயில் நீர் குறைவு என்றும், கருநீலச் சுருள்கள் தொங்கினால் நீர் தாராளம் என்றும் அனுமானிக்கலாம். நீல விரலைக் கண்டால் கையுறைக்குக் காசு மிச்சம் பிடித்தார்கள் என்பதும் இவ்வகை அனுமானமே.

மற்றொரு அற்புதம். கட்டிய சட்டையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஈரம் காயாமல் இருபத்துநான்கு மணி நேரம் வைக்க வேண்டும் என்பது ரசாயன சாஸ்திரிகளின் விதி. இன்று குழாய் நின்றதும் சாயம் ஊற்றி நாளை குழாய் திறந்ததும் கட்டவிழ்த்தால் அதே ஒரு நாள்தான் கணக்காகிறது. ஒருவரையொருவர் அறியாத ஆங்கில ரசாயனியும் உல்லாஸ்நகர் நீர்வழங்கல் அதிகாரியும் இவ்வளவு ஒத்த கருத்தினராயிருப்பது வியக்கத்தக்கது. மறுநாள் குழாய் வராது என்று அறிவிப்பு வந்துவிட்டால் சட்டை இன்னும் ஒரு நாள் கிடக்கும். அதனால் சாயத்துக்கு ஹானியில்லை, மோரியை எதிர்பார்த்து நிற்கும் குடும்பத்தின் சாந்தத்துக்குத்தான் ஹானி.

அலசிய நீர் எங்கே போகிறது என்ற கேள்வியைப் பரிகாசமாகத் தள்ள முடியாது. மோரியிலிருந்து சாக்கடை, சாக்கடையிலிருந்து வால்துனி நதி. 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டுள்ள அம்பர்நாத் சிவாலயத்தின் அருகே ஓடும் அந்நதி, உல்லாஸ்நகரைக் கடப்பதற்குள் ஆலைகளின் புண்ணியத்தில் என்ன நிறமெல்லாம் கொண்டு ஓடியது என்பதை இவ்வூரார் நேரில் கண்டிருக்கிறார்கள். ஜீன்ஸ் சலவைக்கூடங்கள் பல அதன் காரணமாகவே மூடப்பட்டன. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் நதிக்கு நேர்ந்ததும் இதுவே. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஒரு நகரத்தின் பிழைப்பே ஸ்தம்பித்தது. வீட்டு வாளி ஆலைக் குழாய்க்கு ஈடாகாது என்றாலும், கடைசி இரு அலசல் நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் எடுத்து வைப்பது நீருக்கும் நதிக்கும் ஒருங்கே நியாயம். முதல் அலசல் நீரை மட்டும் துளசிமாடத்துக்கு ஊற்றலாகாது. சோடாவின் காரத்தைத் துளசி தாங்காது.

இறுதியாக மிச்சச் சாயம் பற்றிய விதி. சோடா சேராத சாயக்கரைசல் குளிர்பெட்டியில் சுமார் ஒரு வாரம் கெடாது. ஆனால் தோசை மாவுக்குப் பக்கத்தில் நீலப் புட்டியை வைப்பதற்கு எந்த மாமியாரும் சம்மதித்ததாகத் தெரியவில்லை. ஆகவே அன்றே தீர்த்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் பிறக்கிறது. தலையணை உறை, பாவாடை, கைக்குட்டை, தம்பியின் பழைய பனியன் என்று வெள்ளையாய் அகப்பட்டதெல்லாம் சாயத்துக்குள் போகிறது. அது போதாமல் அடுத்த வீட்டில் ஏதேனும் உண்டா என்று கேட்டு ஆள் போகிறது. மறுவாரம் அந்த பாரக்கில் நாலைந்து குடும்பங்கள் ஒரே மயில்நீலத்தில் நடமாடுவதற்கும், பள்ளி ஆசிரியை ஒருவர் வெள்ளைச் சீருடை மட்டுமே அனுமதி என்று டைரியில் எழுதி அனுப்புவதற்கும் காரணம் இதுவேயன்றி, புதிய நாகரிகம் ஏதும் அன்று.