காலமும் வேலையும்: திறனறிக் கணக்குலகம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நட்சத்திரங்களின் கதியையும் கல்வெட்டுகளின் காலத்தையும் இரவு பகலாக ஆராய்ந்துவரும் நம் பண்டிதர்கள், பல லட்சம் பேர் பேனாவும் நுழைவுச் சீட்டுமாகச் சென்று மூன்று மணி நேரம் வாசம் செய்து திரும்புகிற ஓர் உலகத்தை ஏறெடுத்தும் பாராதிருப்பது வியப்புக்குரியது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள், ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம், அவ்வுலகத்துக்கே மானியமாக விடப்பட்டிருக்கின்றன. அங்குள்ள பிரஜைகளின் ஆசார அனுஷ்டானங்களைக் கூடியமட்டும் நிர்ணயம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வுலகம் நேற்று முளைத்ததன்று. 1150ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியிலேயே, தனித்தனியே திறந்தால் ஒரு நாள், அரை நாள், மூன்றிலொரு நாள், ஆறிலொரு நாள் என்று தடாகத்தை நிரப்பவல்ல நான்கு ஊற்றுகள் ஒருசேரத் திறக்கப்பட்டு, நாளில் பன்னிரண்டிலொரு பங்குக்குள் காரியத்தை முடித்துவிடுகின்றன. காரிநாயனாரின் கணக்கதிகாரமோ, பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, அரிவாளைத் தொடாமலே சுளைத்தொகை காணச் சொல்கிறது. சம்சயம் உள்ளவன் பழத்தைப் பிளந்து பார்த்துக்கொள்ளலாம். கணக்குப் பிசகினாலும் சுளை லாபம். இக்காலத்துத் தேர்வுக் கணக்கில் இந்த அனுகூலம் அறவே ஒழிந்துவிட்டது.

அவ்வுலகத்தின் தலையாய பிரஜைகள் ஏ, பி என்னும் இருவர். ஒரு வேலையை ஏ 10 நாளிலும் பி 15 நாளிலும் முடிப்பார். இருவரும் சேர்ந்தால் 6 நாள். நம்மூரில் கொத்தனார் ஒருவருக்கு இன்னொரு கொத்தனாரைத் துணைக்கு அமர்த்தி வீடு கட்டிப் பார்த்தவர்கள் இவ்விடத்தில் பெருமூச்சு விடுவார்கள். ஏயும் பியும் டீக்கடைக்குப் போவதில்லை; முன்பணம் கேட்பதில்லை; மழைக்கு ஒதுங்குவதில்லை; இருவர் கூடினால் பேச்சு உண்டாகும் என்கிற லோக தர்மம் அவர்களைத் தீண்டுவதேயில்லை. ஆனால் நான்காம் நாள் அந்தியில், மூன்றில் இரண்டு பங்கு வேலை முடிந்திருக்கையில், ஏ திடீரென்று விலகிச் செல்கிறார். எங்கே செல்கிறார், வீட்டில் ஏதேனும் விசேஷமா, பியோடு மனஸ்தாபமா என்பன பற்றி எந்த வழிகாட்டி நூலும் வாய் திறப்பதில்லை. பி மட்டும் முணுமுணுக்காமல் எஞ்சியதை 5 நாளில் தனியே முடித்துவைக்கிறார். மொத்தக் கூலி 3000 ரூபாய் என்றால், அதில் 1200 ரூபாய் ஏயின் பங்கு என்று அடுத்த வினாவிலே காண்கிறோமாதலால், போனவர் கூலி வாங்கவாவது திரும்பி வந்தார் என்று அனுமானிக்க இடமுண்டு.

வணிகரையும் தந்தையரையும் பற்றி விரித்துரைக்க அதிகமில்லை. விலையை 20 சதவீதம் ஏற்றிக் குறித்து, அதன்மேல் 20 சதவீதம் தள்ளுபடி தந்து, 4 சதவீத நஷ்டத்தோடு கடையைச் சாத்துகிற வணிகரை ஆடி மாதத்துத் தியாகராய நகரில் எவ்வளவு தேடினும் காண்பதரிது. மகனைப் போல் நான்கு மடங்கு வயதுடைய தந்தை, 20 ஆண்டு கழித்து இரு மடங்காவார் என்பது வரையில் தெரிந்து வைத்திருக்கிற மனிதருக்கு, அவர்களுடைய வயது 40, 10 என்பது மட்டும் எப்படித் தெரியாமற்போயிற்று என்பது தனி ஆராய்ச்சிக்குரியது.

தொட்டி விஷயம் இவற்றினும் கம்பீரமானது. ஒரு குழாய் தொட்டியை 6 மணியில் நிரப்பும். அடியிலுள்ள ஓட்டை நிறைதொட்டியை 8 மணியில் காலி செய்யும். இரண்டும் திறந்திருந்தால் எப்போது நிரம்பும்? ஆறிலொன்றிலிருந்து எட்டிலொன்றைக் கழித்தால் இருபத்துநான்கிலொன்று. ஆகவே 24 மணி என்று பயிற்சி வகுப்பு மாணாக்கர் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை குறிப்பர். ஓட்டையை அடைக்க ஓர் ஆளைக் கூப்பிடலாமே என்ற யோசனை அவர்களுள் யாருக்கும் எழாதது அரசுப் பணிக்குரிய முதல் லட்சணம் போலும். அது நிற்க. 1643ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியப் பண்டிதர் டோரிசெல்லி கண்டறிந்தபடி, ஓட்டை வழியே நீர் பாயும் வேகம் மேலே நிற்கும் நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நேர்ச்சுவர்த் தொட்டியொன்று 8 மணியில் காலியாகுமானால், அது நிறைந்திருக்கும்போது மணிக்குத் தொட்டியில் கால் பங்கு நீர் ஒழுகும். குழாய் கொணர்வதோ ஆறிலொரு பங்கே. ஆகவே நீர்மட்டம் ஒன்பதில் நான்கு பங்கு உயரத்தை நெருங்கி, மேலே ஏறமாட்டாமல் நின்றுவிடும். 24 மணியன்று, 24 வருஷம் காத்திருந்தாலும் தொட்டி நிரம்பாது.

வினாத்தாளில் தரப்படும் நான்கு விடைகளுள் ‘நிரம்பாது’ என்பது இராது. ஐந்தாவதாக ‘விடை தெரியவில்லை’ என்றொரு வட்டத்தைத் தேர்வாணையம் கருணையோடு அமைத்திருக்கிறது. அந்த மண்டபத்தில் தொட்டியின் உண்மை நிலையை அறிந்தவர் எவரேனும் இருப்பாராயின், மனச்சாட்சிப்படி அவர் கறுப்பாக்கக்கூடிய வட்டம் அது ஒன்றுதான். அதற்கு மதிப்பெண் கிடையாது.